பின் சீட்டில் பிரேக் டீச்சர்

அந்த ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு முழு உடம்போடு நடமாடுகிறார்கள் என்றால், அதற்கு ஒரு வலது கால்தான் காரணம். அந்தக் கால் டிரைவிங் ஸ்கூல் டீச்சருடையது. பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டில் டீச்சர் இருப்பாள். அவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வருகிறதே என்று பழகுகிறவருக்கு உறைப்பதற்குள் அந்தக் கால் அழுத்தி, வண்டி நின்று, லாரியும் போய், டீச்சர் திட்டத் தொடங்கியிருப்பாள். பிரேக் டீச்சர் என்ற பெயர் சும்மா வரவில்லை.

திட்டு என்றால் லேசுப்பட்ட திட்டு இல்லை. ஆனால் மரியாதை துளியும் குறையாது. ஆண்கள் எல்லாரும் தம்பி, பெண்கள் எல்லாரும் பாப்பா. வயது ஒரு கணக்கே இல்லை. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் பழக வந்தார். "தம்பி, தீர்ப்பெல்லாம் அப்புறம் சொல்லலாம், முதல்ல கண்ணாடியப் பாருங்க" என்றாள். அவரும் பார்த்தார். எழுபது வயதில் தன்னைத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் லைசென்ஸ் வாங்கிய பிறகும் நாலு வகுப்புக்கு வந்தாராம்.

வீட்டுக்காரர் நீச்சல் குளத்தில் வாத்தியார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார். அதனால் ஊருக்கு அவர் 'விசில்'. கரையில் நின்றுகொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படாமல் நீச்சல் சொல்லித் தருகிற மனுஷன். கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் ஓர் ஆசை வந்தது. அவர் அவளுக்கு நீச்சல் சொல்லித் தருவது, அவள் அவருக்குக் கார் சொல்லித் தருவது. அவள் தண்ணீரில் இறங்கி, கைகாலை அடிப்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் நீந்தியவர்களை எல்லாம் "இடது பக்கம் போங்க, கை காட்டாம திரும்பாதீங்க" என்று அதட்டிக்கொண்டே மூழ்கினாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்ததும், தண்ணீருக்குள் போவதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டார். முகம் கத்தரிப்பூ நிறமானது. கடைசியில் மூச்சு முட்டிக் கண்ணை மூடியதில் கார் போய் டிரைவிங் ஸ்கூல் ஓனரின் ஸ்கூட்டர்மேல் ஏறியது. குளம் உங்களுக்கு, ரோடு எனக்கு என்று அன்றைக்கே பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், டீச்சரின் மார்பில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்து மார்பையே எடுத்தார்கள். அடுத்தது கீமோ என்றாள் டாக்டரம்மா. முதலில் ஒரு மருந்து, அது முடிந்ததும் வாராவாரம் வேறொரு மருந்து. என்னென்ன பக்க விளைவு வரலாம் என்று டாக்டரம்மா பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"பக்கத்துல என்ன வருதுன்னு பாக்குறதுதான் டாக்டர் என் பொழப்பே. நீங்க மருந்த ஏத்துங்க" என்றாள் டீச்சர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த விசில்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் முடி போனது. போகட்டும் என்றாள். நாத்தனார் ஓடோடி வந்து ஒரு விக்கை வாங்கித் தந்தாள். அடேயப்பா, அது விக்கா? சுருள் சுருளாக, பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிற ஆளின் தலைபோல இருந்தது. விசில் அதற்கு 'மேடம்' என்று பெயர் வைத்தார். வெயிலில் மேடத்தைப் போட்டால் தலை அரித்தது. ஸ்கூலின் பழைய பயிற்சிக் காரை ஓனர் அவள் வீட்டிலேயே விட்டுவைத்திருந்தார்; காரில் உட்கார்ந்ததும் மேடத்தைக் கழற்றிப் பின் சீட்டின் தலைசாய்ப்பில் மாட்டிவிடுவாள். தெருவில் போகிறவர்கள் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, யாரோ பெரிய மனுஷி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பழைய மாணவர் ஒருவர் ஜன்னல் பக்கம் குனிந்து மேடத்துக்கு வணக்கமே வைத்தார். பதில் வராததால் திமிர் பிடித்தவள் என்று சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்து வாய். வாயில் புண். எதைச் சாப்பிட்டாலும் சாவிக்கொத்தைச் சப்புகிற ருசி. கீமோ வார்டு நர்ஸ் எதற்கும் சிரிக்கிறவள், ஆனால் எதையும் விடாதவள். உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னாள், எவர்சில்வர் ஸ்பூனை விட்டு மர ஸ்பூனில் சாப்பிடச் சொன்னாள், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடச் சொன்னாள். விசில் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வேளை வந்ததும் வாசலில் நின்று விசில் அடிப்பார். டீச்சர் வந்து நாலு வாய் சாப்பிட வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அந்தச் சத்தம் கேட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டன. நாத்தனார் ஒரு பச்சைப் பொடியைக் கொண்டுவந்து, இதைக் குடித்தால் எல்லாம் ஓடிவிடும் என்றாள். நர்ஸிடம் கேட்டதற்கு, டாக்டரைக் கேட்காமல் எந்தப் பொடியும் வேண்டாம் என்றாள். பொடியை விசில் வாசல் செடிக்குப் போட்டார். செடி போய்ச் சேர்ந்தது.

எல்லாவற்றையும் சமாளித்தாள். சமாளிக்க முடியாதது அந்த மூக்குதான். மருந்து ஏற ஏற அவள் மூக்கு போலீஸ் நாய்க்குச் சவால் விட ஆரம்பித்தது. மூன்றாவது வீட்டில் வெங்காயம் வதக்கினால் இங்கே வாந்தி. ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகக் கூடாது, ரத்த அணுக்கள் குறையும்போது கூட்டத்தில் தொற்று வந்துவிடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். டாக்சியில் ஏறினால் கண்ணாடியில் ஒரு வாசனை அட்டை தொங்கும். மல்லிகையாம். அதை மல்லிகை கேட்டால் மானநஷ்ட வழக்குப் போடும். முதல் மருந்து முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். கடைசி தடவை பல்லைக் கடித்தும் பயனில்லை. கைக்கு அகப்பட்டது டிரைவரின் தொப்பி. அந்த மனுஷன் பாவம், ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வாசனை அட்டையையும் கூடவே போட்டார்.

ஓனர் தன் காரில் கூட்டிப்போகிறேன் என்றார். அந்தக் காரில் மூன்று அட்டைகள் தொங்கின. அவளே ஓட்டிப் போகலாம் என்றால், புது மருந்துக்கு முன்னால் அலர்ஜி வராமலிருக்க ஓர் ஊசி போடுவார்கள், அது போட்டால் தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஆக, வாசனையே இல்லாத ஒரே கார் அந்தப் பயிற்சிக் கார்தான். அதை ஓட்ட வேண்டிய ஒரே ஆள் விசில்தான்.

"நீங்க கத்துக்கணுங்க" என்றாள்.

"ஓனர்கிட்ட இப்ப ஸ்கூட்டர் இல்லல்ல?" என்று கேட்டுவிட்டு அவர் ஒத்துக்கொண்டார். லைசென்ஸ் வாங்கும்வரை வேறு வழியில்லை, டாக்சிதான்.

வீட்டில் அவர் 'ஏங்க'. காரில் ஏறிக் கதவைச் சாத்தினால் பழக்கதோஷத்தில் 'தம்பி'. முதல் நாள் அவள் "தம்பி, மூச்சு விடுங்க" என்றதும் அவர் சிரித்த சிரிப்பில் பிடித்திருந்த மூச்சு தானாக வெளியே வந்தது. அவரும் "சரிங்க டீச்சர்" என்றார். ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் விசில் அடித்தார். அதைத் தவிர, முதல் ஒன்றிரண்டு வாரம் ஆள் மோசமில்லை.

அதற்குப் பிறகுதான் வண்டி அடம்பிடிக்க ஆரம்பித்தது. கிளப்புவார், முக்கும், முனகும், அணைந்துவிடும். மறுபடி கிளப்புவார், முயல் மாதிரி ரெண்டு குதி குதித்துவிட்டு அணைந்துவிடும். தெருமுனை தாண்டுவதற்குள் விசிலின் சட்டை தொப்பலாகிவிடும். கூடவே ஒரு கருகல் நாற்றம் வேறு.

"தம்பி, கிளட்ச எரிக்கிறீங்க! என் மூக்குக்குத் தெரியுது!"

"மெதுவாத்தான் விடறேன் டீச்சர்."

"மெதுவாவா? நத்தைக்கு ஸ்டியரிங் குடுத்திருந்தாகூட இந்நேரம் ஆஸ்பத்திரி போய்ச் சேந்திருக்கும்! கவனம் எங்க இருக்கு உங்களுக்கு? குளத்துல விட்டுட்டு வந்துட்டீங்களா?"

திட்டும்போது அவளுக்கு உடம்பு அசதி மறந்துபோகும். வாய்ப்புண் மறந்துபோகும். குரல் பழையபடி தெருவுக்கே கேட்கும். விசில் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

இதற்கு நடுவில் டீச்சர் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். புது மருந்து ஆரம்பித்ததிலிருந்து கால் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. ஒருநாள் சமையலறையிலிருந்து வாசல்வரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறாள். இன்னொன்று எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. முடி போனதற்கு அவள் அழவில்லை. மார்பு போனதற்கு ஒருநாள் அழுதாள். இந்தக் காலை நினைத்து மட்டும் தினமும் ஒளிந்து அழுதாள். பிரேக் இல்லாத பிரேக் டீச்சரை எந்த ஸ்கூல் வைத்துக்கொள்ளும்? அதற்கப்புறம் அவள் யார்? மொட்டைத் தலையோடு திட்டுகிற ஒரு பொம்பளை, அவ்வளவுதானே? அவளுக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் என்ன செய்வார்கள்? மறைப்பார்கள். மறைத்தாள்.

ஒரு வாரம் நர்ஸ் திடீரென்று ஐஸ் பெட்டியிலிருந்து உறைந்த சாக்ஸையும் கையுறையையும் எடுத்து வந்தாள்.

"இது எதுக்கு?"

"மருந்து ஏறுறப்ப போட்டுக்கிட்டா கை கால் மரத்துப்போறது சில பேருக்குக் குறையும்மா. போட்டுப் பாப்போம்."

"எனக்குத்தான் மரத்தே போகலியே!"

"அப்ப ஜில்லுனு இருக்கும், அனுபவிங்க" என்று சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டாள். பனிக்கரடி மாதிரி உட்கார்ந்து டீச்சர் மருந்து ஏற்றிக்கொண்டாள்.

அன்றைக்கே டாக்டரம்மாவும் வந்து, விசில் பக்கத்தில் நிற்க, கண்ணை மூடுங்கள், காலில் தொடும்போது சொல்லுங்கள் என்றாள். டீச்சர் இதில் மாட்டுகிற ஆளா?

"தெரியுதாம்மா?"

"நல்லா தெரியுது."

"இப்போ?"

"ஓ, தெரியுதே."

"இப்போ?"

"சுருக்குன்னு தெரியுது டாக்டர்."

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு அடுத்த வாரத்திலிருந்து மருந்தின் அளவைச் சற்றுக் குறைக்கிறேன் என்றாள். பரீட்சையில் முழு மார்க் வாங்கியதற்குப் பரிசு என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஓனர் நலம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். வந்து உட்கார்ந்ததும் டீச்சரின் மூக்கு விழித்துக்கொண்டது. நீச்சல் குளத்துக் குளோரின் நாற்றம், அதுவும் ஓனரிடமிருந்து! ஓனர் எப்பேர்ப்பட்டவர் என்றால், வாளியில் தண்ணீர் நிறைந்திருந்தால் ஓரமாக நின்று சொம்பில் மொண்டு குளிக்கிற ஆள். அவருக்கும் குளத்துக்கும் என்ன சம்பந்தம்? சரி, கடைசியில் மூக்கும் கெட்டுவிட்டது என்று டீச்சர் பெருமூச்சு விட்டாள். ஓனர் அவசரமாக டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

லைசென்ஸ் டெஸ்ட் வந்தது. அன்றைக்கு மதியமே கீமோவும் இருந்தது. காலையில் டெஸ்ட், அப்படியே ஆஸ்பத்திரி என்று ஏற்பாடு. முந்தின நாள் பழகும்போதுகூட வண்டி ஏழெட்டுத் தடவை அணைந்தது. டீச்சருக்கு நம்பிக்கை சுத்தமாக இல்லை. டாக்சியில் வாந்தி வந்தால் உதவட்டும் என்று ஒரு துணித் தொப்பியைக் கையோடு எடுத்துவைத்துக்கொண்டாள், இந்தத் தடவை சொந்தத் தொப்பி.

டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி மெலிந்த, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாத ஆள். விதிப்படி அவர் முன்னால் உட்கார்ந்தார். டீச்சரை வேண்டுமானால் பின்னால் உட்காரச் சொன்னார். அவள் வாழ்க்கையில் அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்வது அதுதான் முதல் தடவை. மேடத்தைத் தலையில் அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது.

அணையவில்லை. முக்கவில்லை, முனகவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலத் தெருவில் இறங்கியது. டீச்சர் ஒரு கண்ணைத் திறந்தாள். இரண்டாவது கியர். மூன்றாவது கியர். விசில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்! மேட்டில் நிறுத்திக் கிளப்பினார். ஓர் அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. சந்தில் பின்பக்கமாக விட்டார், கோட்டைத் தொடவில்லை. குறுக்கே ஒரு பெரியவர் வந்தபோது மட்டும் ஹாரனுக்குப் பதிலாக விசிலை ஊதிவிட்டார். பெரியவர் பயந்து நடைபாதையில் ஏறினார். அதிகாரி முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

இது யார், நம்ம வீட்டுக்காரர்தானா? டீச்சர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுவரை நகராத வண்டி இன்றைக்கு எப்படி? நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? அதே வண்டி, அதே மனுஷன், அதே தெரு. முன் சீட்டு ஆள் மட்டும்தான் வேறு.

அவள் மெதுவாக முன்னால் எட்டிப் பார்த்தாள். அதிகாரி இரண்டு காலையும் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் அவளுடைய பிரேக் பெடல் சும்மா இருந்தது. யார் காலும் அதன்மேல் இல்லை.

வயிற்றில் யாரோ அந்த உறைந்த சாக்ஸைப் போட்டதுபோல இருந்தது. இத்தனை வாரமாக அவள் கால் அந்தப் பெடல்மேல்தான் கிடந்திருக்கிறது. மரத்த கால், அழுத்துவது அவளுக்கே தெரியவில்லை. அவர் கிளப்பக் கிளப்ப இவள் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். கருகியது கிளட்ச் இல்லை, பிரேக்கு. நத்தை என்று திட்டியதும் குளத்தில் விட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்டதும் தெருவே வேடிக்கை பார்த்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசிப்போனது.

"பாஸ்" என்றார் அதிகாரி. இறங்கும்போது, "அந்த விசிலக் கழட்டி வச்சிட்டு ஓட்டுங்க" என்றார். பின் சீட்டைப் பார்த்து, "உங்களுக்கு முடி கோணலா இருக்கு மேடம்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

விசில் குதித்தார். காரைச் சுற்றி ஓடிவந்து அவளுக்காக முன் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க டீச்சர், ஆஸ்பத்திரிக்கு!" என்றார்.

டீச்சர் அந்தச் சீட்டைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்துச் சீட்டு. அதில் ஏறினால் வண்டி மறுபடி நிற்கும், அவர் மறுபடி குனிவார். ஏறவில்லையென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் இத்தனை நாள் மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும், அந்தச் சீட்டும் போய்விடும். ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"பின்னாலயே உக்காந்துக்கறேங்க. கால நீட்டிக்கணும்" என்றாள்.

"சரி" என்றார் அவர். வேறொன்றும் கேட்கவில்லை. அதுவே அவளைக் குத்தியது.

வண்டி இரண்டு தெரு போயிருக்கும். அவர் சந்தோஷமாக ஏதோ முனகிக்கொண்டிருந்தார். அவளால் தாங்க முடியவில்லை.

"தம்பி, ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, முறையாக நிறுத்தினார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என் கால்ல உணர்ச்சி இல்லீங்க. ரொம்ப நாளாச்சு. யார்கிட்டயும் சொல்லல. வண்டி நின்னதெல்லாம் உங்களால இல்ல. நான்தான் பிரேக்க அமுக்கிக்கிட்டே இருந்திருக்கேன். எனக்கே தெரியல. உங்களப் போய் நத்தைன்னு..."

விசில் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நம்ம வாசல் சுவரு இருக்குல்ல. நான் வண்டிய எடுக்குறப்ப எல்லாம் பின்னால அந்தச் சுவரு செவப்பா இருந்தது. பிரேக் லைட்டு. என் காலு பிரேக்ல இல்ல. அப்ப யார் காலு? திரும்பிப் பார்த்தேன். நான் நாள் முழுக்க அடுத்தவங்க காலப் பார்க்குறவன்மா. யாரு உதைக்கிறா, யாரு சும்மா தொங்கவிட்டிருக்கான்னு கரையிலேந்தே சொல்லுவேன். உன் காலு பிரேக் மேல சும்மா தொங்கிக் கிடந்துச்சு."

"எப்பலேந்து தெரியும்?"

"வண்டி நிக்க ஆரம்பிச்ச மறுநாள்லேந்து. அன்னிக்கே நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். அதான் சாக்ஸ் வந்துச்சு."

"அப்ப டாக்டரம்மா?"

"கடைசியா சுருக்குன்னு இருக்குன்னு சொன்னியே, அப்ப அவங்க ரெண்டு கையயும் கோட் பாக்கெட்டுல வச்சிருந்தாங்க."

டீச்சர் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது. சட்டென்று கையை எடுத்தாள்.

"அப்ப ஓட்டக் கத்துக்கிட்டது எங்க?"

"காலைல, ஓனரோட கார்ல. பதிலுக்கு அவருக்கு மிதக்கச் சொல்லித் தரேன். நேத்து முழுசா முகத்த நனைச்சார்."

"குளோரின்!" என்று கத்தினாள். "என் மூக்கு சரியாத்தான் இருக்கு!" பிறகு குரல் இறங்கியது. "ஓனருக்கும் தெரியுமா, என் காலு?"

"தெரியும். காலு சரியாகுற வரைக்கும் ரூம்ல ரோட்டு விதி பாடம் எடுக்கட்டும்னார். அந்தச் சீட்டுல வேற யாரயும் போடலன்னும் சொன்னார்."

"சரியாகலன்னா?"

அவர், எல்லாம் சரியாகிவிடும் என்று நாத்தனார்போலச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

"தெரியலம்மா. கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வரும்னு நர்ஸ் சொல்றாங்க. எல்லாருக்கும் முழுசா வர்றதில்லன்னும் சொல்றாங்க."

"தெரிஞ்சும் ஏன் தினமும் வந்து திட்டு வாங்குனீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ வீட்ல பேசவே மாட்டேங்குற. சுவத்தப் பாத்து படுத்திருக்கற. கார்ல ஏறுனா மட்டும் ஒன்னு மேல ஒன்னா திட்டுற. பழைய ஆளு வந்துடுறா. சொன்னா நீ கார விட்டு இறங்கிடுவ. அந்த ஆளு போயிடுவா. எனக்கு அவ வேணும்" என்றார். அவர் குரல் உடைந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கிளப்பட்டுமா டீச்சர்? மருந்துக்கு நேரமாச்சு" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற முனையில் ஒரு பெயின்டர் நீளமான ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் பார்க்காமல் ரோட்டில் இறங்கினார். ஏணி முதலில் வந்தது. ஆள் பின்னால் வந்துகொண்டிருந்தார். டீச்சரின் வலது கால் உதைத்தது. அங்கே பெடல் ஏது, பின் சீட்டின் தரைதான் இருந்தது. ஆனால் வாய் அதற்குள் வேலையை முடித்துவிட்டது.

"தம்பி, பிரேக்!"

வண்டி ஆணி அடித்தாற்போல நின்றது. ஏணி கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் அசைந்துகொண்டே கடந்துபோனது. மேடம் டீச்சரின் தலையிலிருந்து பறந்து, விசிலின் தோளில் இடித்து, முன் சீட்டில் போய் மல்லாந்து விழுந்தாள். பெயின்டர் திரும்பி, பின்னால் இருந்த மொட்டைத் தலையையும் முன்னால் கிடந்த முடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

விசிலின் பிடரி கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

"நான் பாக்கவே இல்ல டீச்சர்" என்றார் முக்கி முனகி. "ஏணிய பாக்கவே இல்ல. உன் சத்தம் கேட்டுத்தான் காலு பிரேக்குக்குப் போச்சு."

டீச்சர் தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவருடைய வலது காலை எட்டிப் பார்த்தாள். அது இன்னும் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

மேடத்தை எடுத்து முன் சீட்டில் நிமிர்த்தி உட்காரவைத்து, பெல்ட்டையும் போட்டுவிட்டாள்.

"மூச்சு விடுங்க தம்பி. பின்னால வண்டி நிக்குது. கண்ணாடியப் பாருங்க, முதல் கியர் போடுங்க, மெதுவா விடுங்க. ஆஸ்பத்திரில டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க முந்திக்கிட்டு வாயத் தொறக்காதீங்க."

"சரிங்க டீச்சர்" என்றார் அவர்.